வாய்க்காலும் துலங்கலும்: உடனிகழ்ச்சிச் செய்நிரலின் இரு நெறிகள்

“ஆசிரியரொடு மாணவர் வந்தனர்” என்னும் தொடரில் ஒடு உருபு உடனிகழ்ச்சிப் பொருளில் வந்ததென்று கீழ்வகுப்பிலேயே கற்பிக்கின்றோம். வருதலாகிய வினை இருதிறத்தார்க்கும் உரியது. ஒரு காலத்து நிகழ்வது. ஆயினும் ஆசிரியர் நடை வேறு, மாணவர் நடை வேறு. அடிக்கு அடி ஒத்து நடக்கவேண்டுமென்னும் நியதி அத்தொடரில் இல்லை. கணினித் துறையினர் கொன்கரன்சி என வழங்கும் பொருளுக்கு இப்பழஞ்சொல்லினும் பொருத்தமானது பிறிதொன்றை யாம் கண்டிலேம். ஆதலின் இக்கட்டுரையில் அதனை உடனிகழ்ச்சி என்றே வழங்குவாம்.

இதனை ஒருங்கியக்கத்தோடு மயங்கலாகாது. ஓராசிரியர் இரண்டு வகுப்புகளை மாறிமாறிக் கவனித்தல் உடனிகழ்ச்சி. ஈராசிரியர் இரு வகுப்புகளை ஒரே வேளையில் நடத்துதல் ஒருங்கியக்கம். முன்னையது வேலையைப் பகுத்தமைக்கும் முறை. பின்னையது அதனைச் செய்துமுடிக்கும் வலு. ஒரே செயலியை உடைய கணினியிலும் உடனிகழ்ச்சி உண்டு. விசைப்பலகை, வலைத்தொடர்பு, திரை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாராது அதனை அழைத்தவண்ணம் இருக்கின்றன.

நம் பழைய மாணவருட் சிலர் இத்தொழிலிலேயே வாழ்கின்றனர். அவர்க்கு ஈண்டுக் கூறுவனவற்றுட் பெரும்பகுதி அறிந்த செய்தியாகும். ஆயினும் இன்று தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாகப் பயிலும் மாணவரை உளங்கொண்டே யாம் எழுதப் புகுந்தோம். தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என வினவுவார்க்கு விடை இடையிலே தானே வரும்.

உடனிகழ்ச்சியால் நேரும் இடர் யாதென முதலில் அறிதல் வேண்டும். யூபிலி நிதிக் கணக்கேட்டில் ரூபா 5000 இருப்பு உள்ளதெனக் கொள்வோம். எழுதுவினைஞர் இருவர் ஒரே வேளையில் ஏட்டைப் பார்க்கின்றனர். முதல்வர் 5000 எனப் படித்து, தாம் பெற்ற 100 ரூபாவைக் கூட்டி 5100 என எழுதுகின்றார். மற்றவரும் அதற்கு முன்னரே 5000 எனப் படித்தவர். தாம் பெற்ற 200 ரூபாவைக் கூட்டி, முன்னவர் எழுதியதை அழித்து 5200 என எழுதுகின்றார். வரவேண்டியது 5300. இருவரும் கூட்டலிற் பிழைவிட்டாரல்லர். எனினும் நூறு ரூபா மறைந்தது. அடுத்தநாட் சோதிக்கும்போது இருவரும் வெவ்வேறு வேளையில் வந்தாராயின் கணக்கு ஒழுங்காகவே வரும். தேடுங்கால் ஒளிந்துகொள்ளும் இவ்வியல்பே இப்பிழையின் கொடுமை.

நூறு ரூபாவோடு இது நிற்பதில்லை. தெரக்–25 என்னும் கதிர்மருத்துவப் பொறி 1985 முதல் 1987 வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நோயாளர் அறுவர்க்கு மிகையான கதிர்வீச்சைச் செலுத்திற்று. அவருட் சிலர் மாண்டனர். 1986 இல் டெக்சஸ் மாநிலத்து ரைலர் நகரில் நேர்ந்தவற்றின் காரணம் பின்னர் ஆராய்ந்து அறியப்பட்டது. பொறியை இயக்குபவர் கதிரின் வகையைத் தவறாகத் தட்டி, உடனே திருத்துவார். காந்தங்களை நிலைப்படுத்துதற்கு ஏறத்தாழ எட்டு விநாடி சென்றது. அவ்வெட்டு விநாடிக்குள் விரைந்து திருத்தினால், திருத்தம் திரையிலே தோன்றும். பொறியின் மற்றப் பகுதி அதனை அறியாது. ஒரே நினைவக இடத்தை இரு செய்நிரற் கூறுகள் தத்தம் வேளையில் தொட்டமையின் விளைவு இது. முன்னைய பொறிகளில் இருந்த வன்பொருட் காப்புகளை இதில் நீக்கியிருந்தமையும் சேர்ந்துகொண்டது. தட்டெழுத்திற் கைதேர்ந்தவரிடமே பிழை வெளிப்பட்டது என்பதை மாணவர் உற்றுநோக்குக.

பழைய பரிகாரம் பூட்டு. ஒருவர் ஏட்டைத் தொடும்போது மற்றவர் தொடாதபடி பூட்டிவைத்தல். டைக்ஸ்ட்ரா என்னும் ஒல்லாந்து அறிஞர் 1960களில் இதற்கு ஒழுங்கான இலக்கணம் வகுத்தார். பூட்டு இன்றும் வழக்கிலுள்ளது. ஆயினும் நூறு அறைகளும் நூறு திறப்புகளும் உள்ள வீட்டில் யார் எத்திறப்பை எடுத்துச் சென்றார் என நினைவிற் கொள்ளல் அரிது. ஏட்டைப் பலர் தொடுதலே வினையாயின், ஏட்டை ஒருவரிடமே விட்டு, ஏனையோர் அவர்க்குச் செய்தி சொல்லியனுப்பினால் என்ன என்னும் எண்ணத்திலிருந்து பிறந்தது வாய்க்கால் நெறி.

இந்நெறியின் தந்தை ரொனி ஹோர் என்பார். அவர் 1934 இற் கொழும்பிலே பிறந்தவர் என்பது நம்மாணவர் பலர் அறியாதது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் அவர் முதலிற் பயின்றது கணிதமன்று. கிரேக்கம், இலத்தீன் ஆகிய தொன்மொழிகளும் மெய்யியலுமே. பின்னர்க் கடற்படைப் பணியில் இருசிய மொழி கற்று, மொஸ்கோவுக்குச் சென்றார். ஆங்கு இருசியத்திலிருந்து ஆங்கிலத்திற்குப் பொறிவழி மொழிபெயர்க்கும் முயற்சியில், சொற்களை அகரவரிசைப்படுத்தும் தேவை எழுந்தபோது அவர் கண்டதே இன்றுவரை உலகெங்கும் வழங்கும் விரைவு வரிசையாக்க முறை. 1980 இல் ரியூறிங் விருது பெற்றார். உயர்தரத்திற் கலைப்பிரிவைத் தெரிந்த மாணவனிடம் “கணினி உனக்கு உரியதன்று” என்று கூறுவார் நம்மிடையே உளர். அவர் இவ்வரலாற்றைப் படிப்பாராக.

ஹோர் 1978 ஓகஸ்டில் வெளியிட்ட கட்டுரையில் ஒன்றோடொன்று பேசும் தனிக்கூறுகளாகச் செய்நிரலை அமைக்கும் முறையைக் காட்டினார். கூறுகளுக்குப் பொதுவான நினைவகம் இல்லை. ஒரு கூறு தருகின்றது. மற்றொரு கூறு கொள்கின்றது. இரண்டும் ஒருங்கு ஆயத்தமானபோதே கைமாற்றம் நிகழும். முற்பட்டது காத்துநிற்கும். அக்கட்டுரையில் ஒரு கூறு மற்றொன்றைப் பெயர்சொல்லி விளித்தது. இடையில் வாய்க்கால் என்னும் பொருளை நிறுத்தி, தருவோனும் கொள்வோனும் ஒருவரையொருவர் அறியாதே பேசலாம் என்னும் அமைதி, அவரது 1985 ஆம் ஆண்டு நூலில் முழுமையுற்றது. டேவிட் மே என்பார் பிரித்தானியாவில் 1983 அளவில் அமைத்த ஒக்கம் மொழி இதனைத் தழுவியது. கூகிள் நிறுவனத்தில் றொபேட் கிறீசமர், றொப் பைக், கென் தொம்சன் ஆகிய மூவரும் 2007 இல் தொடங்கி 2009 நவம்பரில் வெளியிட்ட கோ மொழியே இதனை இன்றைய உலகிற் பரப்பியது.

பதிவுத் தபாலை நினைக்க. தபாற்காரர் கடிதத்தோடு படலையில் நிற்பார். உரியவர் வந்து கையொப்பமிட்டாலன்றி அகலார். இடைச்சேமிப்பு இல்லாத வாய்க்கால் இத்தகையது. தபாற்பெட்டி தொங்கவிட்டிருந்தால், அது நிறையும்வரை இட்டுச் செல்லலாம். நிறைந்தபின் காத்தே ஆகவேண்டும். இது சேமிப்புடைய வாய்க்கால். பல வாய்க்கால்களின் முன் நின்று, எதில் முதலில் செய்தி வருகின்றதோ அதனைக் கொள்ளும் தெரிவுக் கூற்றும் உண்டு. கோ மொழியில் தனிக்கூறு ஒன்று ஏறத்தாழ 2 கிலோபைற்று நினைவகத்தோடு தொடங்குவதால், ஒரே செய்நிரலில் இலட்சக்கணக்கான கூறுகளை இயக்கல் கூடும்.

இந்நெறியின் அழகை அறிய விரும்புவோர்க்கு ஹோரின் 1978 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே உள்ள பகாவெண் சல்லடை போதும். முதற்கூறு 2, 3, 4, 5 என எண்களை ஒவ்வொன்றாக வாய்க்காலில் விடுகின்றது. அடுத்து நிற்கும் கூறு தனக்கு முதலில் வந்த 2 ஐத் தன்னுடையதெனப் பற்றிக்கொண்டு, அதன்பின் வருவனவற்றுள் இரண்டால் வகுபடாதனவற்றை மட்டும் அப்பாற் செலுத்துகின்றது. அதற்கடுத்த கூற்றுக்கு முதலில் வருவது 3. அது மூன்றால் வகுபடாதவற்றை விடுகின்றது. அடுத்ததற்கு 5, அதற்கப்பால் 7. ஒவ்வொரு கூறும் அறிந்தது ஓரெண்ணும் ஒரு வேலையுமே. வரிசை முழுவதையும் அறிந்த கூறு ஒன்றுமில்லை. ஆயினும் பகாவெண்கள் பிழையின்றி வந்துகொண்டேயிருக்கின்றன. மெதுவான கூறு ஒன்று இடையில் நின்றால் அதற்கு முன்னுள்ளவை யாவும் தாமே காத்துநிற்கும்; வெள்ளம் கரைபுரள்வதில்லை.

குறையும் உண்டு. இருவர் வாயிலில் நின்று “நீங்கள் முதலில்” என்று ஒருவரையொருவர் உபசரித்தால் இருவரும் உள்ளே போகார். அவ்வாறே இரு கூறுகள் ஒன்றுக்காக ஒன்று காத்து உறைந்துவிடும். எல்லாக் கூறுகளும் உறைந்தால் கோ மொழியின் இயக்கச் சூழல் அதனை அறிந்து செய்நிரலை நிறுத்தி முறையிடும். ஒரு கூறாவது ஓடிக்கொண்டிருந்தால் வாளாவிருக்கும். கொள்வோனின்றிக் காத்துக்கிடக்கும் கூறுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நினைவகத்தை உண்ணுதல் மற்றொரு நோய். இவையெல்லாம் காத்தலின் குற்றங்களே.

இனித் துலங்கல் நெறியை நோக்குவாம். தொட்டாற்சுருங்கியைத் தொடின் இலை குவிகின்றது. தொடுதல் தூண்டல், குவிதல் துலங்கல் என்பது விஞ்ஞான பாடத்து வழக்கு. ஒரு பெறுமானம் மாறியவுடன் அதனைச் சார்ந்த யாவும் தாமே மாறும்படி செய்நிரலை அமைத்தலே இந்நெறி. புள்ளிகளைக் கணினி விரிதாளிற் பதியும் ஆசிரியர் யாவரும், பெயரறியாமலே, இதனைக் கையாள்கின்றனர். ஒரு மாணவனின் கணிதப் புள்ளியைத் திருத்தினால் மொத்தம் மாறுகின்றது, சராசரி மாறுகின்றது, வகுப்பு நிலையும் மாறுகின்றது. யாரும் யார்க்கும் ஆணையிடவில்லை. மொத்தம் என்பது யாது என ஒருமுறை சொல்லிவைத்தோம். அஃது என்றும் மெய்யாயிருக்கின்றது. டான் பிரிக்லினும் பொப் பிராங்ஸ்ரனும் 1979 இல் விசிகல்க் என்னும் விரிதாளை வெளியிட்ட நாள்தொட்டுச் செய்நிரலாக்கம் பயிலாத கோடிக்கணக்கானோர் இவ்வாறு துலங்கற் செய்நிரல் எழுதி வந்துள்ளனர்.

அறிஞருலகில் கொனல் எலியட், போல் ஹுடாக் ஆகியோர் 1997 இல் அசைவுப்படங்களுக்கென இந்நெறிக்குக் கணித உருவம் கொடுத்தனர். எரிக் மேயரும் அவர் குழுவினரும் மைக்குரோசொவ்ற்று நிறுவனத்தில் ஆக்கி 2009 இல் வெளியிட்ட துலங்கல் நூலகம் அதனைத் தொழிலுலகிற்குக் கொண்டுவந்தது. நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2013 இல் அதன் ஜாவா வடிவத்தை வெளியிட்டபின் அது பலர் கையிலும் புகுந்தது. மேயர் காட்டிய நுட்பம் ஒன்று தமிழாசிரியனுக்கு மிக உவப்பானது. பட்டியலிலிருந்து அடுத்ததைக் கேட்டு வாங்குதலும், அடுத்தது தானே வந்து சேர்தலும் ஒரே பொருளின் இருமுகங்கள் என்றார் அவர். எம்மொழியிற் கூறின், ‘பெறுதல்’ என்னும் வினைக்கு வினைமுதல் யார் என்பதே வினா. வாய்க்கால் நெறியிற் கொள்வோன் வினைமுதல். தான் விரும்பும் வேளையில் வந்து கேட்கின்றான். துலங்கல் நெறியில் வருபொருளே வினைமுதல். கொள்வோன் அதனால் இயக்கப்படுகின்றான். செய்வினை செயப்பாட்டுவினை வேறுபாடு அறிந்த மாணவனுக்கு இவ்விரு நெறிகளின் வேறுபாட்டிற் பாதி அறிந்ததாயிற்று.

துலங்கல் நெறி ஒளிர்வது எங்கே? வலைத்தளத்துத் தேடற்பெட்டியை எடுத்துக்கொள்க. ஒருவர் ‘கல்’ என்று தட்டி, தொடர்ந்து ‘கல்வி’ என்று முடிக்கின்றார். இரண்டிற்கும் தொலைவிலுள்ள கணினியிடம் வினா செல்கின்றது. ‘கல்வி’க்குரிய விடை முந்தியும் ‘கல்’லுக்குரிய விடை பிந்தியும் வரின், கல்வியைத் தேடியவர்க்குக் கருங்கல் விற்பவர் பட்டியல் தோன்றும். துலங்கல் நூலகத்தில், தட்டுதல் சற்று ஓயும்வரை பொறுக்கும் இடைக்கருவி ஒன்றும், புதுவினா எழுந்தவுடன் பழவினாவின் விடையைப் புறக்கணிக்கும் இடைக்கருவி ஒன்றும் ஆயத்தமாக உள்ளன. இரண்டையும் கோத்தால் இரண்டு மூன்று வரிகளில் வேலை முடிந்தது. வாய்க்கால்களைக் கொண்டும் செய்யலாம். ஆனால் கடிகாரம், தெரிவுக் கூற்று, பழைய வேலையை நிறுத்தும் குறி என யாவற்றையும் நம் கையாற் கட்டவேண்டும்.

ஆயின் இங்கும் பொறிகள் உள. விரிதாளிற் கணிதம் 60, தமிழ் 80. மொத்தம் 140, சராசரி 70. சோதனைக்காக ஒரு கட்டத்தில், மொத்தத்திலிருந்து சராசரியின் இருமடங்கைக் கழிக்கச் சொல்கின்றோம். அஃது என்றும் சுழியாகவே இருத்தல் வேண்டும். கணிதத்தை 70 ஆகத் திருத்துகின்றோம். மொத்தம் 150 ஆகின்றது. சராசரி மாறுமுன் சோதனைக் கட்டம் துலங்கினால், 150 இலிருந்து பழைய 140 ஐக் கழித்து 10 எனக் காட்டும். கணப்பொழுதில் அது திருந்திவிடும். எனினும் அக்கணத்தில் ஒரு பொய் பிறந்தது. நல்ல விரிதாள்கள் சார்பின் வரிசையை ஆராய்ந்து இதனைத் தவிர்க்கின்றன. இரண்டு ஓடைகளின் அண்மைப் பெறுமானங்களை இணைக்கும் துலங்கல் நூலகக் கருவிகள் பல அவ்வாறு தவிர்ப்பதில்லை. திரையிற் கணப்பொழுது தோன்றும் பொய்க்கு யாரும் அழுவதில்லை. அப்பத்தைக் கண்டு ஒரு கடிதம் தானே அனுப்பப்பட்டுவிட்டால்?

மற்றொன்று வெள்ளம். தருவோன் விரைந்தும் கொள்வோன் மெதுவாயும் இருப்பின் வருபொருள்கள் குவியும். வாய்க்காலிற் காத்தல் இயல்பாகவே உளதாகலின் இவ்விடர் தானே அடங்குகின்றது. துலங்கல் நெறியிலோ, “எனக்கு இப்பொழுது இத்தனை போதும்” என்று கொள்வோன் முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு தனியே வேண்டியிருந்தது. அதற்கான பொதுவிதி 2015 இல் வகுக்கப்பட்டு, 2017 இல் ஜாவா மொழியின் ஒன்பதாம் பதிப்பில் இடம்பெற்றது. வருபொருளை வினைமுதலாக்கியவர்கள் கொள்வோனுக்கும் ஒரு குரல் கொடுத்தே தீரவேண்டியதாயிற்று என்பது கருதத்தக்கது.

பெறுவோர் தொகையிலும் வேறுபாடு பெரிது. வாய்க்காலில் இட்ட ஒரு செய்தி ஒருவனுக்கே சேரும். ஒருவன் எடுத்தபின் மற்றவனுக்கு இல்லை. ஆகவே வேலையைப் பலர்க்குப் பங்கிடுதற்கு அது மிக ஏற்றது; நூறு விடைத்தாள்களைப் பத்துப் பரீட்சகர்க்குப் பகிர்வதுபோல. துலங்கல் ஓடையிலோ சந்தாதாரர் பலர் சேரலாம். அவற்றுள்ளும் இருவகை உண்டு. வானொலி போன்ற ஓடையிற் பிந்தி வந்தவன் பிந்தியவற்றையே கேட்பான். இசைத்தட்டுப் போன்ற ஓடை ஒவ்வொருவர்க்கும் தொடக்கத்திலிருந்து புதிதாகச் சுழலும். சந்தா இரண்டாயின் வேலையும் இருமுறை நடக்கும். பணம் அனுப்பும் கட்டளை ஒன்றை இவ்வகை ஓடையில் வைத்து இருவர் சந்தா சேர்ந்தால் என்னவாகும் என்பதை மாணவரே எண்ணிப்பார்க்க.

எமது துணிபு இது. வாய்க்கால் நெறியிற் காத்தல் கண்ணுக்குத் தெரியும், சார்பு மறைந்துகிடக்கும். துலங்கல் நெறியிற் சார்பு கண்ணுக்குத் தெரியும், காத்தல் மறைந்துகிடக்கும். எது மறைந்ததோ ஆங்கே பிழை குடிகொள்ளும். ஆதலின் ஒரு வேலையைக் கையிலெடுத்தவன், “இதில் யான் எதற்கு அஞ்சவேண்டும்? ஒழுங்கு பிறழ்தற்கா, உறவு பிறழ்தற்கா?” எனக் கேட்டல் தகும். வரிசையும் கைமாற்றமும் முதன்மையாயின் வாய்க்கால். பலவற்றைச் சார்ந்த ஒன்று என்றும் மெய்யாயிருத்தல் முதன்மையாயின் துலங்கல்.

தொடக்க மாணவர்க்கு வாய்க்காலையே முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பதும் எம் கருத்து. அச்செய்நிரலை மேலிருந்து கீழாகப் படித்தால் நிகழும் வரிசையிலேயே படிக்கலாம். பிழை நேர்ந்தவிடத்து, யார் அழைத்து இவ்விடம் வந்தோம் என்னும் தடம் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். துலங்கற் கோவையில் அத்தடம் நூலகத்தின் உட்புறத்தைக் காட்டுமேயன்றி நம்மெழுத்தைக் காட்டுதல் அரிது. கடந்த ஆண்டுகளில் துலங்கல் நெறியை நாகரிகம் கருதி வேண்டாவிடத்தும் புகுத்தினார் பலர் என்பதை இத்துறையிலுள்ள பழைய மாணவர் மறுக்கமாட்டார் என நம்புகின்றோம்.

இரு நெறிகளும் இப்போது ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. 2018 இல் நிலைபெற்ற கொற்லின் மொழியின் இணைநிரல் நூலகத்தில் வாய்க்காலும் உண்டு. அதன்மேல் 2019 இற் சேர்த்த ஓடையும் உண்டு. ஓடையைத் துலங்கல்போற் கோக்கலாம்; உள்ளே அது வாய்க்காலின் காத்தலைக் கைக்கொள்கின்றது. ஜாவா மொழியின் 2023 ஆம் ஆண்டு இருபத்தோராம் பதிப்பு மெல்லிய இழைகளை நிலையாக்கியது. இழை விலையுயர்ந்தது என்னும் காரணத்தாற் காத்தலை வெறுத்துத் துலங்கலை நாடியவர்க்கு அக்காரணம் இன்று பெரும்பாலும் நீங்கிற்று. உறவைக் காத்தற்பொருட்டு நாடியவர்க்கோ காரணம் அப்படியே உள்ளது.

கணினிக்கூடத்தில் ஒருமணிநேரம் வாய்க்கும் மாணவர், மேலே கூறிய பகாவெண் சல்லடையை வாய்க்கால்களாலும், நான்கு பாடப் புள்ளித்தாளைத் துலங்கலாலும் முதலில் எழுதுக. பின்னர் மாற்றி எழுதுக: சல்லடையைத் துலங்கலால், புள்ளித்தாளை வாய்க்கால்களால். புள்ளித்தாளில் ஒரு புள்ளி மாறியதை மொத்தம், சராசரி, நிலை ஆகிய மூன்றிற்கும் அறிவிக்க எத்தனை வாய்க்கால்கள் தேவைப்பட்டன எனவும், அவற்றுள் எது முதலில் மூடப்படவேண்டும் எனவும் பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வகுப்பிற்கு வருக.